ஸ்கேன் நார்மல், பொத்தான் மட்டும் போட வரல: மூளையில் என்னதான் நடக்குது?

கேள்வி, ஜூன் 8

பையனுக்கு எட்டு வயசு முடிஞ்சுது. மூணாம் வகுப்பு. பேச்சு, ஞாபகம், கணக்கு எல்லாம் நல்லா வருது. ஆனா யூனிஃபார்ம் சட்டைப் பொத்தான் போட பத்து நிமிஷம். பந்து வந்தா கண்ணை மூடிக்கறான். எழுத்து கோழிக் கிறுக்கல். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல். இ.இ.ஜி. நார்மல். அப்புறம் ஒரு தெரபி சென்டர்ல 'பிரெயின் மேப்' எடுத்து, கலர் படம் காட்டி, "வலது மூளை தூங்குது, 40 சிட்டிங் வரணும்"னு சொல்றாங்க. மூளையில பிரச்சனைன்னா ஸ்கேன்ல தெரிய வேண்டாமா? தெரியலைன்னா இவன் வேணும்னே பண்றானா?

ஜூன் 8, இரவு

வேண்டுமென்றே செய்யவில்லை. ஸ்கேன் நார்மலாக வந்ததில் ஆச்சரியமும் இல்லை, இந்த வகைக் குழந்தைகளுக்கு அப்படித்தான் வரும். வலது மூளை நிஜமாகவே தூங்கினால் இடது கையும் இடது காலும் சேர்ந்து தூங்கும். நீங்கள் எழுதியதில் அது இல்லை.

நீங்கள் சொல்வதற்கு டி.சி.டி. என்று பெயர். தமிழில் 'வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்று எழுதலாம். டிஸ்பிராக்சியா என்றும் சொல்வார்கள். பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு இருக்கும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு தரும் கணக்கு. 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர்.

இப்பெயரைச் சூட்ட நான்கு விஷயம் பார்ப்பார்கள். கை கால் திறன் வயதுக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். அது உடை, எழுத்து, விளையாட்டு என்று அன்றாடத்தைக் கெடுக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் காரணமாக இருக்கக்கூடாது. ஐந்து வயதுக்கு முன் பொதுவாக முத்திரை குத்த மாட்டார்கள், அந்த வயதில் ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இயல்பிலேயே அவ்வளவு வித்தியாசம்.

ஜூன் 8, அரை மணி கழித்து

நான்காவதை ஒரே வரியில் தாண்டிவிட்டேன், அது தப்பு. வேறு நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மேலே எழுதிய எதையும் பேச வேண்டும். இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் அது டி.சி.டி. அல்ல. டி.சி.டி.யில் திறன் மெதுவாக வரும், வந்தது போகாது. போன மாதம் வரை படி ஏறிய பிள்ளை இப்போது தடுமாறினால், அதோடு காலையில் தலைவலியும் வாந்தியும் இருந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பின்மூளையில் கட்டி இல்லை என்று பார்த்தாக வேண்டிய நிலை அது.

ஒரு பக்கம் மட்டும் மந்தமாக இருந்தாலும் பார்க்க வேண்டும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தியிருந்தால், "சின்னதிலேயே வலக்கைப் பழக்கம் வந்துடுச்சு" என்று மகிழாமல் மற்றக் கையைச் சோதியுங்கள்.

மூன்று முதல் ஆறு வயது ஆண் பிள்ளை தரையிலிருந்து எழும்போது தன் தொடை மேலேயே கை ஊன்றி ஊன்றி ஏறி நிமிர்ந்தால், கெண்டைக்கால் சதை பருத்துத் தெரிந்தால், ரத்தத்தில் சி.கே. (தசை சிதைந்தால் கூடும் நொதி) அளவு பார்க்கச் சொல்லுங்கள். விலை குறைந்த பரிசோதனை. டூஷென் தசைச்சிதைவு முதலில் இப்படித்தான் காட்டும். 'கொஞ்சம் சோம்பல், மாடி ஏற அழறான்' என்று சொல்லியே அந்தப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் தாமதம் ஆகிறது.

கண் பரிசோதனை கட்டாயம். பந்து தெரியாதவன் பந்தைப் பிடிக்க மாட்டான், அதற்கு மூளையைக் குற்றம் சொல்லக்கூடாது.

ஜூன் 9, காலை

பிரெயின் மேப் பற்றி.

அது இ.இ.ஜி.தான், மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் அதே சோதனை. தலையில் வழக்கமாக 19 இடத்தில் மின்முனை ஒட்டி, அலைகளை டெல்டா, தீட்டா, ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பிரித்து, ஒவ்வொன்றையும் அந்த வயதின் சராசரியோடு ஒப்பிட்டு, விலகலுக்கு வண்ணம் பூசுகிறார்கள். 19 இடம், ஐந்து வகை அலை என்றால் 95 ஒப்பீடு. நூற்றுக்கு ஐந்து பேரிடம்தான் இருக்கும் என்கிற அளவு விலகலைச் சிவப்பு என்று வைத்துக்கொண்டால், எந்தக் குறையும் இல்லாத பிள்ளையின் படத்திலும் நாலைந்து இடம் சிவக்கும். கண் சிமிட்டினால் நெற்றிப் பக்கம் அலை மாறும், பல்லைக் கடித்தால் காதுக்கு முன்னால் பொட்டுப் பக்கம் மாறும். எட்டு வயதுப் பிள்ளை இரண்டையும் செய்யும்.

அந்தப் படத்தை வைத்து டி.சி.டி. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 40 சிட்டிங் பணத்தைக் கையில் வைத்திருங்கள், வேறு செலவு சொல்கிறேன்.

ஜூன் 9, மாலை

"அப்போ மூளையில ஒண்ணுமே இல்லையா?" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. சாதாரண எம்.ஆர்.ஐ. வீட்டுச் சுவரைப் படம் பிடிப்பது மாதிரி: விரிசல், கட்டி, ரத்தக்கசிவு இருந்தால் காட்டும். உள்ளே யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று காட்டாது. அதற்கு எஃப்.எம்.ஆர்.ஐ. என்று ஒன்று உண்டு. வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதை அளப்பது. நரம்பு வேலை செய்வது மில்லி நொடிக் கணக்கில், ரத்தம் உச்சத்துக்கு வருவதற்கோ ஐந்தாறு நொடி. பிள்ளை அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தாலே படம் கெடும். ஒருங்கிணைப்புக் குறை உள்ள பிள்ளையிடம் போய் "ஆடாமல் இரு" என்று கேட்கும் ஆராய்ச்சி.

கனடாவில் வான்கூவரைச் சேர்ந்த ஜில் ஸ்விக்கர் குழு 2010-லும் 2011-லும் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. 8 முதல் 12 வயது, டி.சி.டி. உள்ள 7 பிள்ளைகள், இல்லாத 7 பிள்ளைகள். படுத்தபடியே, திரையில் தெரியும் பாதைக்குள் கோடு இழுக்க வேண்டும். முதல் தடவை இரு குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இழுத்தார்கள். ஆனால் டி.சி.டி. பிள்ளைகளுக்கு மூளையின் பல கூடுதல் இடங்கள் வேலைக்கு வந்தன. அதே கோட்டை இழுக்க அதிகக் கூலி.

பிறகு சில நாள் பயிற்சி கொடுத்து மறுபடி படம் எடுத்தார்கள். மற்ற பிள்ளைகளின் கோடு துல்லியமானது, டி.சி.டி. பிள்ளைகளுடையது அவ்வளவாக மாறவில்லை. சிறுமூளை, பெரைட்டல் மடல் (உச்சியிலிருந்து பின்பக்கமாக இருப்பது), நெற்றி மடல், இந்த மூன்றும் சேர்ந்த வலைப்பின்னலில் வேலை குறைவாகத் தெரிந்தது. பழகப் பழகத் தானாக ஓடும் வேலையாக மாற்றிக் கொடுப்பது அந்த வலைப்பின்னல்தான்.

'சோம்பேறி' என்ற சொல்லை இதோடு வைத்துப் பாருங்கள். பொத்தான் போடும் பத்து நிமிஷமும் அவன் மூளை மற்றவனைவிட அதிகம் உழைக்கிறது. ஏழாவது பீரியடில் எழுத்து இன்னும் கோணலாவதும் இதனால்தான்.

ஜூன் 9, இரவு

'அதிகம் உழைக்கிறது' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். (பொத்தான் இழையில் பொத்தாம்பொது. மன்னிக்கவும்.)

2009-ல் ஜப்பானில் கஷிவாகி குழு செய்த ஆய்வில், நகரும் புள்ளியைக் கையால் பின்தொடரச் சொன்னபோது டி.சி.டி. பையன்களுக்கு இடது பெரைட்டல் பகுதி *குறைவாக* வேலை செய்தது. கனடாவில் முதல் படத்தில் அதே பக்கத்தில் *கூடுதல்*. எது சரி? இரண்டும் சரியாக இருக்கலாம். கொடுத்த வேலை வேறு. சுலபமான வேலைக்குக் கூடுதல் உழைப்பு போட்டு ஈடுகட்டலாம், கடினமானதில் ஈடுகட்ட முடியாமல் சரியலாம். அதோடு ஏழு பேர், பன்னிரண்டு பேர் என்பதெல்லாம் சின்னக் கூட்டம்.

என் கருத்து: சிறுமூளையும் பெரைட்டல் மடலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பது பல ஆய்வில் திரும்பத் திரும்ப வருவதால் நம்பலாம். கூடுதலா குறைவா என்பதை வைத்துக் கட்டிய கதை எதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். இவை எல்லாம் குழுச் சராசரி. ஒரு தனிப் பிள்ளையைப் படம் எடுத்து 'இதோ டி.சி.டி.' என்று காட்டும் இயந்திரம் இன்றுவரை இல்லை.

ஜூன் 10

பந்து ஏன் பிடிபடுவதில்லை, கணக்காகவே பார்ப்போம்.

2 மீட்டர் தூரத்திலிருந்து நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நேராக எறிந்தால் பந்து 0.4 நொடியில் வந்துவிடும். கண்ணில் பட்டதை வைத்துக் கை திருத்திக்கொள்ளக் குறைந்தது 0.1 முதல் 0.2 நொடி. விரல் மூட இன்னும் கொஞ்சம். பார்த்துப் பார்த்துக் கையை நகர்த்தினால் நேரம் போதாது. மூளை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும்: பந்து எங்கே இருக்கும், கையை இப்படி அனுப்பினால் கை எங்கே போய் நிற்கும். கைக்கு உத்தரவு போகும்போதே அதன் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது, விளைவை அது முன்பே கணிக்கிறது என்பது பெருவாரியாக ஏற்கப்பட்ட விளக்கம். டி.சி.டி.யில் இந்த முன்கணிப்பு பலவீனம் என்று சொல்லும் கொள்கைக்குத்தான் இன்று ஆதாரம் கூடுதல். கண்ணை மூடிக்கொள்வது பயம் மட்டும் இல்லை. பந்து எப்போது வரும் என்று ஊகிக்க முடியாதவனுக்குப் பந்து எப்போதுமே திடீரென்றுதான் வருகிறது.

ஆகவே நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். நேராக எறியாமல் கையிலிருந்து ஒரு மீட்டர் மேலே போகும்படி தூக்கிப் போட்டால் காற்றில் 0.9 நொடி இருக்கும், இரட்டிப்பு நேரம். முதலில் பலூன். அடுத்து 20 செ.மீ. அகலமுள்ள லேசான பந்து, தரையில் ஒரு தடவை குத்தி வருமாறு. அடுத்து துணிப்பை, புளியங்கொட்டையோ அரிசியோ 100 கிராம் போட்டுத் தைத்தது. கையில் பட்டால் எகிறாது, நழுவாது. டென்னிஸ் பந்து கடைசி. தூரம் 1 மீட்டரில் தொடங்கி, பத்துக்கு எட்டு பிடித்தால் அரை மீட்டர் கூட்டவும். "பந்தைப் பார்" என்பதைவிட "பந்து உச்சிக்குப் போனதும் 'ஹா' சொல்லு" என்பது வேலை செய்யும், கண் தானாக அங்கே போகும்.

ரப்பர் பந்தைச் சுவரில் அடித்துத் தனியாகப் பழகச் சொல்வது பிற்பாடு செய்ய வேண்டியது. வேகமும் கோணமும் ஒவ்வொரு தடவையும் மாறுவதால் தொடக்கத்தில் அவனால் அதிலிருந்து எதையும் கற்க முடியாது.

ஜூன் 10, பின்குறிப்பு

பெயர் வரலாறு கேட்டவருக்கு. 1970-களில் மருத்துவ எழுத்திலேயே 'தத்திக் குழந்தை' என்று பொருள்படும் பெயர்தான் இருந்தது. நம் பாட்டிகள் சொன்ன அதே சொல். 1987-ல் டி.எஸ்.எம். கையேட்டில் டி.சி.டி. நுழைந்தது. 1994-ல் லண்டனில் கூடி எல்லோரும் இந்தப் பெயரையே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். இங்கிலாந்து லண்டன் இல்லை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன்.

ஜூன் 12

பொத்தான். கேட்ட கேள்விக்கே இப்போதுதான் வருகிறேன்.

சட்டையைக் குற்றவாளியாக்கிவிட்டுத் தொடங்குங்கள். பள்ளிச் சட்டைப் பொத்தான் சுமார் 11 மில்லிமீட்டர். புதுச் சட்டையின் காஜா கஞ்சி விறைப்போடு இறுக்கமாக இருக்கும். இரண்டு தடவை துவைத்துவிட்டுப் பழக்குங்கள், காஜாவைத் தையற்காரரிடம் ஒரு மில்லிமீட்டர் கூட்டச் சொல்லுங்கள். பொத்தானைத் துணியோடு ஒட்டித் தைக்காமல் அடியில் நூலைச் சுற்றி 3 மில்லிமீட்டர் தண்டு விட்டுத் தைத்தால் விரல் நுழைய இடம் கிடைக்கும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்.

பிறகு கடைசியிலிருந்து கற்பியுங்கள். வேலையைப் பிரித்தால்: இடது கையால் காஜா ஓரத்தைப் பிடிப்பது, வலது கையால் பொத்தானைக் குறுக்காகத் திருப்புவது, பாதி உள்ளே தள்ளுவது, இடது கட்டைவிரலால் மறுபக்கம் பற்றுவது, இழுப்பது. முதல் நான்கையும் நீங்கள் செய்துவிட்டு, இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். ஐந்து நாள் தொடர்ந்து அது சரியாக வந்ததும் நான்காவதையும் அவனிடம் கொடுங்கள். இப்படிப் பின்னோக்கி. ஒவ்வொரு தடவையும் 'போட்டு முடித்தவன்' அவனாக இருப்பான். முன்னாலிருந்து கற்பித்தால் ஒவ்வொரு தடவையும் பாதியில் விட்டவனாக இருப்பான்.

கீழ்ப் பொத்தானிலிருந்து மேலே வர வேண்டும். கீழுள்ளது கண்ணுக்குத் தெரியும், கழுத்துப் பொத்தான் தெரியாது. அதைக் கடைசி வரை நீங்களே போட்டுவிடுங்கள்.

மரப்பலகையில் ஆணி அடித்துத் துணி மாட்டிய 'பொத்தான் போர்டு' வாங்க வேண்டாம். மேசையில் எதிரே வைத்துப் போடுவதும் தன் மார்பில் போடுவதும் கைக்கு வேறு வேறு வேலை. ஒன்றில் பழகினது மற்றதுக்குத் தாவுவது இந்தப் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். எதைச் செய்ய வேண்டுமோ அதையே, எங்கே செய்ய வேண்டுமோ அங்கேயே. காலை 7.40-க்கு ஆட்டோ ஹாரன் அடிக்கும்போது மட்டும் வேண்டாம். மாலையில் அப்பாவின் பழைய சட்டையை மாட்டி ஐந்து நிமிடம் போதும்.

ஜூன் 12, ஷூ லேஸ்

உருண்டை நைலான் கயிறு வழுக்கும், தட்டைப் பருத்தி லேஸ் வாங்குங்கள். ஒரு பாதியை மார்க்கரால் வேறு நிறமாக்கவும். முயல் காது மாதிரி இரண்டு வளையம் செய்து ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் முறைதான் இவர்களுக்கு, சுற்றி நுழைக்கும் முறை வேண்டாம். மடியில் வைத்துப் பழக்கினால் ஷூவின் மூக்கு அவனுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், காலில் இருப்பது போலவே. பள்ளியில் அனுமதித்தால் வெல்க்ரோ. அதில் மானம் போகாது.

ஜூன் 14

எழுத்து. ஒரு டீச்சர் கேட்டிருப்பதால் நீளமாக.

உட்காரும் விதம் முதலில். கால் தரையில் பட வேண்டும். தொங்கினால் கீழே ஒரு செங்கலோ பலகையோ வையுங்கள். கால் தொங்கும் பிள்ளை பாதிக் கவனத்தை விழாமல் இருப்பதிலேயே செலவழிக்கும். மேசை உயரம், கையை மடித்தால் முழங்கை இருக்கும் இடத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. மேலே. 30 செ.மீ. நீளமுள்ள பலகையின் மேல் விளிம்பை 10 செ.மீ. தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி சாய்வு கிடைக்கும், மணிக்கட்டு நிமிரும். பழைய கணக்குப்பிள்ளை மேசை இதைத்தான் செய்தது. பரணில் இருந்தால் இறக்குங்கள்.

வலக்கைப் பிள்ளைக்கு நோட்டின் மேல்பக்கம் இடது பக்கமாகச் சாய வேண்டும், 20 முதல் 30 டிகிரி. இடக்கைப் பிள்ளைக்கு எதிர்ப்பக்கம், இன்னும் கொஞ்சம் கூட.

பேப்பர் கிழியும்படி அழுத்துகிறானா? எவ்வளவு விசை போடுகிறோம் என்பது அவனுக்குச் சரியாகத் தெரிவதில்லை. எழுதும் தாளுக்குக் கீழே இன்னும் இரண்டு தாள் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் கார்பன் தாள் வையுங்கள். இரண்டாம் தாளில் விழலாம், மூன்றாம் தாளில் விழக்கூடாது என்று விளையாட்டாக்குங்கள். 2பி பென்சில் லேசாகத் தொட்டாலே கறுக்கும். மெக்கானிக்கல் பென்சில் (அழுத்தினால் முனை நீளும் வகை) சிலருக்கு நல்லது, முனை ஒடிந்து 'அழுத்தாதே' என்று சொல்லும். எரிச்சல்படும் பிள்ளைக்கு அது வேண்டாம்.

தமிழ் எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தில் நேர்கோடு அதிகம், நமக்கு வளைவும் சுழியும். ட, ப இரண்டும் நேர்கோடும் மூலையும்தான், அதில் தொடங்குவது சரியே. ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று. சுழித்துக்கொண்டே போகிற கையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது இயக்கப் பிரச்சினை. நான்கு சுழி போட்ட ண-வையும், சுழி மூடாத ல-வையும் எழுத்துப்பிழை என்று சிவப்பு மை போடுகிறீர்கள் டீச்சர். அவனை வாயால் சொல்லச் சொல்லுங்கள், 'மூணு சுழி' என்று சரியாகச் சொல்வான். எழுத்து அறியாததும் கை நிற்காததும் ஒன்றல்ல. சுழியை வாய்விட்டு எண்ணிக்கொண்டு எழுத வைத்தால் கை நிற்கும் இடம் பிடிபடும். இ, ஞ, ஐ, ழ மாதிரி நடுவில் திசை மாறும் எழுத்தைக் கடைசியாகத் தனியாக எடுங்கள்.

பக்கம் பக்கமாகக் காப்பி எழுதவைப்பது பயனற்றது. பத்து நிமிடம், ஒரே எழுத்து, ஐந்து தடவை. 'இந்த அஞ்சுல எது நல்லா வந்திருக்கு?' என்று அவனையே வட்டமிடச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேலும் வேகம் வரவில்லை என்றால் தட்டச்சு பழக்கலாம்.

ஜூன் 15

தேர்வுச் சலுகை பற்றித் தனிச்செய்தியில் ஒருவருக்கு, '2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகையில் டி.சி.டி. இல்லை, ஒன்றும் கிடைக்காது' என்று பதில் போட்டேன். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. அதே சட்டத்தின் அட்டவணையில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதன் விளக்கத்துக்குள் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிக்கல்), டிஸ்கிராஃபியா (எழுதுவதில் சிக்கல்) இவற்றோடு *டிஸ்பிராக்சியா* என்ற சொல்லும் இருக்கிறது. ஆகவே அறிக்கையில் டி.சி.டி. என்று மட்டும் எழுதாமல் டிஸ்பிராக்சியா என்றும், எழுதுவதில் உள்ள பாதிப்பையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழ் கிடைத்தால் சி.பி.எஸ்.இ. தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.

சொல் வித்தியாசம்தான். ஆனால் கௌண்டரில் சொல்தான் பேசும்.

ஜூன் 17

"எந்தத் தெரபி?" என்று மூன்று பேர்.

இதில் இரண்டு சிந்தனைப் பள்ளி உண்டு. ஒன்று: அடித்தளத்தைச் சரிசெய்தால் மேலே உள்ளது தானாக வரும் என்பது. ஊஞ்சல், சமநிலைப் பலகை, தவழ்தல், இடக்கையால் வலது முட்டியைத் தொடுதல் வகையறா. இன்னொன்று: எது வரவில்லையோ அதையே நேரடியாகக் கற்பிப்பது. 2019-ல் வந்த சர்வதேசப் பரிந்துரை இரண்டாவது பக்கம்தான் நிற்கிறது. ஊஞ்சலில் ஆடினால் ஊஞ்சல் நன்றாக ஆடுவான். பொத்தானுக்கு அது போய்ச் சேர்வதற்கு ஆதாரம் தேறவில்லை. பிள்ளைக்குப் பிடித்தால் ஆடட்டும், ஊஞ்சலுக்கு ஃபீஸ் கட்ட வேண்டாம்.

இரண்டாவது பள்ளியில் நன்றாக ஆராயப்பட்டது கோ-ஆப் என்ற முறை. கனடாவில் பொலடாய்கோ, மாண்டிச் இருவரும் உருவாக்கியது. பத்து அமர்வு அளவில். மூன்று இலக்கைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும், நீங்கள் இல்லை. நீங்கள் எழுத்து என்பீர்கள், அவன் சைக்கிள் என்பான். சைக்கிளில் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் இலக்கு, திட்டம், செய், சரிபார் என்ற நான்கு படி. 'கையை இப்படி வை' என்று சொல்லிக் கொடுப்பதில்லை, கேட்கிறார்கள்: 'கீழே விழுந்தியே, அப்ப எங்க பார்த்துக்கிட்டிருந்த? அடுத்த தடவை என்ன மாத்தலாம்?' தானாக ஓடாத வேலையை யோசனை வழியாகச் சுற்றிக்கொண்டு போவது இது. உங்கள் பையனுக்குப் பேச்சும் ஞாபகமும் நன்றாக இருக்கிறதே, அந்த மூலதனத்தைத்தான் இங்கே செலவழிக்கிறோம்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சையாளர்) பார்க்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: 'பத்து வாரம் கழிச்சு இவன் எந்த வேலையைத் தனியா செய்வான்?' பொத்தான், லேஸ், சைக்கிள் என்று பதில் வந்தால் சேருங்கள். 'சென்சரி லெவல் இம்ப்ரூவ் ஆகும்' என்றால் யோசியுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரை: 2005-ல் இங்கிலாந்தில் டரம் பகுதியில் 117 டி.சி.டி. பிள்ளைகளிடம் சோதித்தார்கள். கை கால் திறனில் மாற்றம் இல்லை.

ஜூன் 17, சைக்கிள்

பக்கச் சக்கரத்தைக் கழற்றுங்கள், அது பெடல் மிதிக்கக் கற்றுத்தரும், சாயும்போது திருப்பக் கற்றுத்தராது. இரண்டு பெடலையும் கழற்றவும், 15 எண் ஸ்பானர். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரச் சுற்றில் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கிவிட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சீட்டை இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி இறக்கவும். லேசான சரிவுள்ள சிமென்ட் தரை. புல் இழுக்கும், வேண்டாம். காலால் தள்ளித் தள்ளி, இரண்டு காலையும் தூக்கி 5 மீட்டர் வழுக்கிப் போக வந்ததும் பெடலை மாட்டுங்கள். பின்னால் சீட்டைப் பிடித்து ஓட வேண்டாம், உங்கள் கைதான் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும், அவன் மூளைக்குத் தகவலே போகாது.

ஜூன் 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "எங்கே போய் உறுதி செய்றது, பெரியவனானா சரியாயிடுமா?" என்கிறார்.

வீட்டிலேயே முதல் சல்லடை: டி.சி.டி.கியூ. என்ற பெற்றோர் வினாத்தாள். 15 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மொத்தம் 75. எட்டு, ஒன்பது வயதுக்கு 55 அல்லது அதற்குக் கீழ் வந்தால் முழுப் பரிசோதனை தேவை. (ஐந்து முதல் எட்டுக்குள் 46, பத்துக்கு மேல் 57.) அது மட்டும் நோயறிதல் ஆகாது. முழுப் பரிசோதனைக்கு மூவ்மென்ட் ஏ.பி.சி. இருக்கிறது, எட்டு வேலை: கை நுணுக்கம் மூன்று, எறிதல்-பிடித்தல் இரண்டு, சமநிலை மூன்று. அரை மணி ஆகும். நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் கடைசி ஐந்து பேருக்குள் வந்தால் தெளிவு, கடைசி பதினாறுக்குள் என்றால் விட்டுவிடாமல் கவனிக்க வேண்டிய நிலை. மாவட்ட அரசு மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், டி.இ.ஐ.சி. என்று கேளுங்கள், குழந்தை மருத்துவரும் தெரபிஸ்டும் ஒரே இடத்தில் இருப்பார்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்தவன் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்களிடம் டி.சி.டி. அதிகம். கவனக்குறைவு ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சேர்ந்தே வரும்.

பெரியவனானால்? பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வளர் இளம்பருவத்திலும் தொடரும். டி.எஸ்.எம். சொல்வது 50 முதல் 70 சதவீதம். ஆனால் கற்ற வேலை கற்றதுதான். பொத்தான் வந்துவிட்டால் வந்துவிட்டது. ஒவ்வொரு *புது* வேலையும் மறுபடி மெதுவாக வரும்: ஜியாமெட்ரி பாக்ஸ், முகச்சவரம், ஸ்கூட்டர்.

ஜூன் 21

வினாத்தாள் பற்றி இன்னொன்று. வெளிநாட்டுப் பட்டியல்களில் கத்தி, முள்கரண்டி கேட்பார்கள். நாம் கேட்க வேண்டியது சோறு. பிசைவது, திரட்டுவது, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது, கட்டைவிரலால் உள்ளே தள்ளுவது. நான்கும் வேறு வேறு அசைவு. கட்டைவிரல் தள்ளாமல் உள்ளங்கையோடு வாயில் அப்பும் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்தால் வீட்டார் திட்டுவார்கள், தெரபிஸ்ட் குறித்துக்கொள்வார்.

பழக்கும் வரிசை: இட்லித் துண்டு, பிறகு உருட்டிய தயிர்சாதம், குழைந்த சாம்பார் சாதம். தரையில் தட்டு வைத்தால் வாய்க்குத் தூரம் அதிகம், வழியிலேயே கொட்டும். தட்டை மணை மேல் ஏற்றி வையுங்கள், விளிம்பு உயர்ந்த கனமான எவர்சில்வர் தட்டாக இருக்கட்டும். தோசையை ஒரே கையால் பிய்ப்பது நிஜமாகவே கடினமான வேலை, இடது கை தட்டைப் பிடிக்கட்டும், பாட்டி கோபித்தாலும் பரவாயில்லை. ரசம் சாதத்துக்கு ஸ்பூன் கொடுத்துவிடுங்கள். நம்மிலேயே பாதிப்பேர் அதைத் தட்டோடு தூக்கிக் குடிக்கிற ஆட்கள்தான்.